பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கல்லூரி நேர்காணல்: விண்ணப்பத்திலிருந்து அறைக்குள் போகும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் படித்த பிள்ளைகளுக்கு நேர்காணல் என்பது பழக்கமில்லாத சங்கதி. பொறியியலுக்கு 200க்கு எவ்வளவு கட்ஆஃப் என்று பார்ப்போம், கலந்தாய்வுக்குப் போவோம். அரசு கலைக் கல்லூரி என்றால் தரவரிசைப் பட்டியல் வரும். மருத்துவத்துக்கு நீட். எந்த இடத்திலும் எதிரே நாலு பேர் உட்கார்ந்து "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பதில்லை. பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பிலும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் "இன்டர்வியூ" என்று கடிதம் வந்ததும், 580 மார்க் எடுத்த பிள்ளைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்துகிறேன். சில வருடங்களாக எங்கள் பிள்ளைகளை நேர்காணலுக்குத் தயார்ப்படுத்தி வருகிறேன். போனவர்களில் இடம் கிடைத்தவர்களும் உண்டு, திரும்பி வந்தவர்களும் உண்டு. இரண்டு தரப்பிலும் நான் பார்த்தது ஒன்றுதான். மனப்பாடம் செய்த பதிலோடு போகிறவர்கள் இரண்டாவது கேள்வியில் தடுமாறுகிறார்கள். தங்கள் கண்ணால் பார்த்ததைப் பேசக் கற்றுக்கொண்டு போகிறவர்கள் கடைசிக் கேள்வி வரை நிற்கிறார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பேச்சைப் பழகுவதற்குத்தான். ஒரு மாதம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். பத்து நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டாவது, மூன்றாவது படிகளையும் மாதிரி நேர்காணலையும் மட்டுமாவது விடாதீர்கள்.

படி 1: எந்த வகை நேர்காணல் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கலந்தாய்வும் நேர்காணலும் ஒன்றல்ல. கலந்தாய்வில் உங்கள் தரவரிசைக்கு எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அங்கே பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. நேர்காணலில் பேச்சுக்கே மதிப்பெண்.

நேர்காணலிலும் வகைகள் உண்டு. 1931ல் மஹலனோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நடத்திவந்த நேர்காணல் முழுக்கப் பாடம் சார்ந்தது. கணக்கைக் கொடுத்து எப்படி யோசிக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். இந்தூர் ஐ.ஐ.எம்.மில் 2011 முதல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்பு இருக்கிறது. அங்கே திறனறித் தேர்வுக்குப் பின் வரும் நேர்காணலில் பாடமும் இருக்கும், நாட்டு நடப்பும் இருக்கும், உங்களைப் பற்றியும் கேட்பார்கள். பெங்களூரு அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளுக்கும் நுழைவுத் தேர்வை அடுத்து நேர்காணல் வைக்கிறார்கள். சமூகத்தின் மீது உங்களுக்கு இருக்கும் அக்கறை அங்கே பேச்சில் வரும். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), வடிவமைப்பு போன்ற படிப்புகளுக்கு நீங்கள் வரைந்தது, எடுத்த புகைப்படம் எல்லாவற்றையும் கோப்பாகக் கொண்டுவரச் சொல்லும் கல்லூரிகளும் இருக்கின்றன.

இன்னொரு வகையையும் சொல்லியாக வேண்டும். சில தனியார் கல்லூரிகளில் "நேர்காணல்" என்று பெற்றோரோடு வரச்சொல்லி, பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மீதி நேரம் முழுக்க அப்பாவிடம் பணம் பேசுவார்கள். நன்கொடை வசூலைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992லிருந்தே இருக்கிறது. ரசீது தராத எந்தப் பணத்துக்கும் அன்றே தலையாட்டாதீர்கள். "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று எழுந்து வாருங்கள்.

படி 2: விண்ணப்பம்தான் வினாத்தாள்

நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் நகலை எடுத்து வையுங்கள். கணினி மையத்தில் யாரோ நிரப்பிக் கொடுத்திருந்தால் இன்றே போய் ஒரு பிரின்ட் வாங்குங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் நேர்காணலுக்குப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நீங்களே மூன்று கேள்வி எழுதுங்கள். "பொழுதுபோக்கு: புத்தகம் வாசிப்பது" என்று இருந்தால், கடைசியாக வாசித்தது எது, அதில் எந்த இடத்தில் உங்களுக்கு ஒப்புதல் இல்லை, அதை யாருக்குப் பரிந்துரைப்பீர்கள் என்று எழுதுங்கள். என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போனதாக எழுதியிருந்தால் அந்த ஏழு நாளில் என்ன வேலை செய்தீர்கள், நீங்கள் நட்ட மரக்கன்று இப்போது உயிரோடு இருக்கிறதா என்பது வரை கேட்கலாம். பதில் இல்லாத வரி எது என்று அப்போதுதான் தெரியும். பொய்யாக ஏதாவது எழுதிவிட்டீர்கள் என்றால், கேட்கும்போது "அப்படி எழுதியது தவறு, நான் தொடர்ந்து செய்ததில்லை" என்று சொல்லிவிடுவதே நல்லது. இழுத்துக்கொண்டே போனால் அடுத்த கேள்வி அதைவிட ஆழமாக வரும்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைவு, ஒரு வருடம் இடைவெளி, துணைத்தேர்வு எழுதிப் பாஸ் ஆனது போன்றவை கண்டிப்பாகக் கேட்கப்படும். என்ன நடந்தது என்பதற்கு இரண்டு வாக்கியம், அதன்பிறகு என்ன செய்தீர்கள் என்பதற்கு இரண்டு வாக்கியம் போதும். நீண்ட விளக்கம் சாக்குப்போக்காகத் தெரியும்.

படி 3: உங்களுக்கு மட்டுமே தெரிந்த மூன்று விஷயங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவியை மாதிரி நேர்காணலில் உட்கார வைத்தேன். பொருளியல் இளநிலைக்கு விண்ணப்பித்திருந்தாள். "உன்னைப் பற்றிச் சொல்லும்மா" என்றதும் யூடியூபில் பார்த்ததை ஒப்பிக்க ஆரம்பித்தாள். "ஐ ஆம் ஹார்ட் ஒர்க்கிங். மை ஸ்ட்ரென்த் இஸ் டைம் மேனேஜ்மென்ட்." நான் இடைமறித்தேன்.

"சரி, இன்னிக்குக் காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்ச?"

"மூணு மணிக்கு சார்."

"எதுக்கு?"

"பூப் பறிக்க சார். அம்மாகூட."

மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பறிக்கிறார்கள். விடிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். மார்கழி, தையில் ஏன் விலை அப்படி ஏறுகிறது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் குரலே மாறிப்போனது.

"பனி விழுந்தா மொட்டே வைக்காது சார். ஆனா தையிலதான் கல்யாணமெல்லாம். அதான் ஏறுது. பங்குனி வெயிலுக்குப் பூக் கொட்டும், அப்ப மார்க்கெட்டுல குவிஞ்சு கெடக்கும். வெலை படுத்துச்சுன்னா சென்ட் ஃபேக்டரிக்குப் போயிரும்."

"அப்ப விலை ஏறினா உங்களுக்கு நல்லதுதானே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இல்ல சார். எங்களுக்குக் கிலோவுக்குத்தான் கூலி. பனிக்காலத்துல பறிக்கப் பூவே இருக்காதுல்ல? வெலை ஏறுறப்பதான் எங்க வீட்ல காசு இருக்காது."

தேவை, அளிப்பு என்று நான் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு நடத்திய பாடத்தில் இந்தக் கடைசி வாக்கியம் இல்லை. விலை உயர்வு யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது பொருளியலின் பெரிய கேள்விகளில் ஒன்று. அதை இந்தப் பெண் தன் வீட்டு அடுப்படியில் நின்று பார்த்திருக்கிறாள். அன்றோடு யூடியூப் பதிலைக் கைவிடச் சொன்னேன். பூவைப் பற்றியே பேச வைத்தேன்.

உங்களுக்கும் இப்படி மூன்று விஷயம் இருக்கும். அப்பா ஓட்டும் ஷேர் ஆட்டோ, மாமாவின் செல்போன் ரிப்பேர் கடை, ஊர்க் கண்மாய், ரேஷன் கடை வரிசை, பாட்டியின் சர்க்கரை மாத்திரை, நீங்கள் ஆடும் கபடி, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இது எப்படி நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது, இதில் எனக்கு விளங்காதது என்ன என்று எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கான பதில்தான் முக்கியம். விளங்காத ஒன்றை வைத்துக்கொண்டு யோசிக்கிற பிள்ளை என்பது எதிரே இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பிறகு அந்த விஷயத்துக்கும் நீங்கள் படிக்க விரும்பும் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வரி. தொடர்பே வரவில்லை என்றால் வலிந்து ஒட்டாதீர்கள்.

வீட்டு வறுமையைச் சொல்லி இரக்கம் தேடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொல்வது வேறு, தெரிந்ததை விளக்குவது வேறு. அந்தப் பெண் விளக்கினாள்.

படி 4: ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தக் கல்லூரி

"எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆசை" என்பது பதில் ஆகாது. கல்லூரியின் இணையதளத்தில் பாடத்திட்டம் இருக்கும். முதல் வருடத்துப் பாடங்களின் பெயரையாவது படியுங்கள். அதில் ஒன்றைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த வரை சொல்லத் தயாராக இருங்கள். அந்தக் கல்லூரியில் மட்டும் இருக்கும் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். களப்பணி, ஆய்வகம், இரட்டைப் பாடத் தேர்வு என்று ஏதாவது இருக்கும்.

நல்ல மார்க் எடுத்தவர்களிடம் "ஏன் இன்ஜினியரிங் போகவில்லை?" என்று கட்டாயம் கேட்பார்கள். வீட்டில் அத்தை, சித்தப்பா எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால் பழகிக்கொள்ள நல்ல வாய்ப்பு. இன்ஜினியரிங்கை மட்டம் தட்டாமல், இதில் எது உங்களை இழுக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

படி 5: பாடத்தில் இரண்டு அத்தியாயம், அடிவரை

மொத்தப் புத்தகத்தையும் மறுபடி படிக்க நேரமிருக்காது. உங்களுக்குப் பிடித்த பாடத்தில் இரண்டு அத்தியாயங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சூத்திரத்துக்கும் "ஏன்?" என்று கேட்டுப் படியுங்கள். "பிடித்த பாடம் எது?" என்று கேட்டால் அந்த அத்தியாயத்தின் பெயரைச் சொல்லுங்கள். கேள்வி பெரும்பாலும் அங்கேயே திரும்பும்.

கணக்குக்கு ஓர் உதாரணம். 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களாகவே வருகிறது. ஏன்? சூத்திரம் எழுதி நிரூபிக்கலாம். ஆனால் நான்குக்கு நான்கு புள்ளி வைத்துப் பாருங்கள். மூலையில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி மண்வெட்டி வளைவு போல மூன்று புள்ளி. அதைச் சுற்றி ஐந்து. பிறகு ஏழு. சதுரம் வளர வளர ஒற்றைப்படை எண்தான் சேர்கிறது. "ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்று வரை" என்று வாசலில் போடும் கோலத்திலும் இதே கணக்கு இருக்கிறது. நடு வரிசையோடு சேர்த்து ஒரு பக்கம் 7, 5, 3, 1 என்று 16 புள்ளி, மறுபக்கம் 5, 3, 1 என்று 9 புள்ளி, மொத்தம் 25. இப்படி ஒன்றைப் பேனா பிடித்துக் காட்டத் தெரிந்தால் போதும்.

கணக்கு கொடுத்தால் மௌனமாகப் போடாதீர்கள். "முதலில் சின்ன எண்ணுக்குப் போட்டுப் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள். பாதியில் நின்றாலும் அதுவரை வந்த வழி அவர்களுக்குத் தெரியும், குறிப்பும் கொடுப்பார்கள். குறிப்பு வந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். அது உங்களைத் தோற்கடிக்க வந்ததல்ல.

படி 6: ஒரு நாள், ஒரு செய்தி

ஒரு நாளிதழை முழுக்கப் படித்து எதுவும் நினைவில் நிற்காமல் போவதைவிட, தினம் ஒரே ஒரு செய்தியை எடுத்து அரைப் பக்கம் எழுதுங்கள். என்ன நடந்தது, காரணம் என்ன, யாருக்கு நன்மை, யாருக்குச் சிரமம். இருபது நாளில் இருபது செய்தி கையில் இருக்கும்.

அரசுத் திட்டம் பற்றிய கேள்விகள் அடிக்கடி வரும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அது சரியா தவறா என்று கேட்டால், கட்சி மேடையில் பேசுவது போலப் பேச வேண்டாம். "எங்கள் அம்மா முன்பு பக்கத்து ஊர் வேலைக்கு மட்டும் போவார், இப்போது டவுனுக்குப் போகிறார்" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். எங்கள் ஊருக்கு நாளுக்கு இரண்டு முறைதான் பஸ் வருகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். செலவை யார் தாங்குவது என்ற எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாக எடுத்து வையுங்கள். அதன்பிறகு உங்கள் முடிவு எதுவானாலும் பரவாயில்லை.

படி 7: ஆங்கிலம்

தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஒரு மாதத்தில் ஆங்கிலம் சரளமாகாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு மாதத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்குப் பாடம் தெரியும், ஆனால் அதன் ஆங்கிலப் பெயர் தெரியாது. உந்தம் என்றால் தெரிந்தவருக்கு மொமென்டம் என்று கேட்டால் திகைப்பு. வேதிச்சமநிலையை அழகாக விளக்குகிறவர் கெமிக்கல் ஈக்விலிப்ரியம் என்றதும் "தெரியாது சார்" என்கிறார். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வருவதைப் போல வேதனை வேறில்லை. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதுங்கள். நம் பாடப்புத்தகங்களில் கலைச்சொல் பட்டியல் இருக்கிறது. தினம் பதினைந்து சொல், வாய்விட்டு.

அடுத்து, மூன்றாவது படியில் எழுதிய மூன்று பக்கங்களையும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். ஆங்கில ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள். பிறகு அந்தத் தாளைப் பார்க்காமல், ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியங்களில் செல்போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். முதல் நாள் உங்கள் குரலையே கேட்கப் பிடிக்காது. நாலாவது நாள் சரியாகிவிடும்.

இரண்டு வாக்கியங்கள் மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். கேள்வி புரியவில்லை என்றால் "குட் யூ ப்ளீஸ் ரிபீட் தி கொஸ்டின்?" யோசிக்க நேரம் வேண்டும் என்றால் "மே ஐ டேக் எ மினிட் டு திங்க்?" தமிழில் பதில் சொல்ல அனுமதி உண்டா என்று கல்லூரிக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

படி 8: மாதிரி நேர்காணல், குறைந்தது மூன்று

முதலாவது உங்கள் ஆசிரியரோடு. இரண்டாவது, அந்த மாதிரிக் கல்லூரியில் படிக்கும் அக்கா அல்லது அண்ணனோடு, போனிலாவது. மூன்றாவது உங்களை அறியாத ஒருவரோடு. வங்கி மேலாளர், நூலகர், கால்நடை மருத்துவர் என்று ஊரில் யாராவது இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அறிமுகமில்லாத முகத்துக்கு முன் உட்காரும்போது வரும் நடுக்கத்தை இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம்.

கதவைத் தட்டி உள்ளே வருவதிலிருந்து தொடங்குங்கள். இருபது நிமிடம், நடுவில் சிரிப்பு கூடாது, செல்போனை ஓரமாக வைத்து வீடியோ எடுங்கள். முடிந்ததும் கேட்டவர் ஒரே ஒரு குறையை மட்டும் சொல்லட்டும். பத்துக் குறையை ஒரே நாளில் கேட்டால் பிள்ளை ஒடுங்கிவிடும். வீடியோவைப் பிறகு தனியாகப் பாருங்கள். விரலைச் சொடுக்குவது, மேற்கூரையைப் பார்ப்பது, வார்த்தைக்கு வார்த்தை "பேசிக்கலி" சொல்வது எல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 9: சான்றிதழ்கள்

மத்திய அரசு நிறுவனம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர் சான்றிதழ் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவினர் அல்ல என்று காட்டுவது) தனியாக வாங்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்கச் சொல்வார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும். நாளாகும், எனவே அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். வருமானச் சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் அதோடு சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள்.

அசல் ஒரு கோப்பு, நகல் இரண்டு செட் தனிக் கோப்பு. அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே அறிவித்திருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 10: அந்த நாள்

வெளியூர் என்றால் முதல் நாளே போய்விடுங்கள். இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டு நேராக அறைக்குள் போனால் தெரிந்த பதிலும் வராது. துவைத்து இஸ்திரி போட்ட சாதாரண உடை போதும். புதுச் செருப்பும் இரவல் ஷூவும் வேண்டாம். கடித்தால் கவனமெல்லாம் காலில்தான் இருக்கும்.

ஆன்லைன் நேர்காணல் என்றால் செல்போனைக் கையில் பிடிக்காமல், புத்தகங்களை அடுக்கிக் கண் உயரத்துக்கு நிறுத்துங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் கூடாது. வீட்டில் சத்தம் என்றால் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பள்ளியில் ஓர் அறை வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜ், டேட்டா, மாற்றுக்கு இன்னொரு போன் மூன்றையும் முதல் நாளே பாருங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்னதும் உட்காருங்கள். கேட்டவரைப் பார்த்துப் பதிலைத் தொடங்கி, மற்றவர்களையும் பார்த்து முடியுங்கள். தெரியாததற்கு "தெரியாது" என்று சொல்வதில் தவறே இல்லை. ஆனால் அங்கேயே நிறுத்தாமல், "எனக்குச் சரியாகத் தெரியாது, இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன், காரணம் இது" என்று ஓர் அடி எடுத்து வையுங்கள். முன்பு சொன்ன பதில் தவறு என்று பாதியில் தோன்றினால், "மன்னிக்கவும், அதைத் திருத்திக்கொள்கிறேன்" என்று திருத்துங்கள். உங்கள் கருத்தை ஒருவர் கடுமையாக மறுக்கலாம். கோபமில்லை, சோதிக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பணிவாக உங்கள் கருத்திலேயே நில்லுங்கள்.

கட்டணம், உதவித்தொகை பற்றிப் பேச்சு வந்தால் குடும்ப வருமானத்தை உள்ளபடி சொல்லுங்கள். "கட்ட முடியுமா?" என்று கேட்டால் சங்கடப்பட்டு "முடியும் சார்" என்று தலையாட்டிவிட்டு வந்து, இடம் கிடைத்தும் சேர முடியாமல் போன ஒரு பையனை எனக்குத் தெரியும். இன்னும் அது என் மனதை உறுத்துகிறது. அவனுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். "உதவித்தொகை கிடைத்தால் மட்டுமே என்னால் சேர முடியும்" என்ற வாக்கியத்தை வீட்டிலேயே பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

வெளியே வந்ததும்

"என்ன கேட்டார்கள்?" என்று அம்மா, அப்பா விசாரிப்பதற்கு முன்னால், ஐந்து நிமிடம் ஓரமாக உட்கார்ந்து கேட்ட கேள்விகள் அத்தனையையும் எழுதிவிடுங்கள். சாயங்காலத்துக்குள் பாதி மறந்துவிடும். அடுத்த கல்லூரி நேர்காணலுக்கு அது உங்களுக்குப் பயன்படும், அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் பயன்படும். எங்கள் பள்ளி நூலகத்தில் அதற்கென்று நீலநிற அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. போய்வந்த ஒவ்வொருவரும் அதில் எழுதுகிறார்கள். பூப் பறிக்கும் அந்தப் பெண் எழுதிய பக்கத்தில் ஒன்பது கேள்விகள் இருக்கின்றன. ஏழாவது: "கூலியைக் கிலோவுக்குப் பதிலாக மணிக்கணக்கில் கொடுத்தால் என்ன ஆகும்?" பதில் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது என்று பக்கத்திலேயே பென்சிலில் குறித்திருக்கிறாள்.